மீட்கப்படத் தகுதி

சென்ற மாதம் நண்பர்கள் சிலர் கூடியிருந்த இடத்தில் கைதிப் பரிமாற்றங்களைப் பற்றிப் பேச்சு வந்தது. நல்ல கவிதைகள் சில எழுதியிருக்கும் ஒருவர், அமெரிக்கச் சிப்பாய் போ பெர்க்டாலின் விஷயத்தை இழுத்தார். "முகாமை விட்டு ஓடிப்போனவனுக்காக ஐந்து தாலிபான்களைத் திறந்துவிட்டார்கள். நம் புறநானூற்றுத் தாய் என்றால் இவனுக்குப் பால் கொடுத்த முலையை அறுத்தெறிந்திருப்பாள்" என்றார். இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நான் பேசவில்லை. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது ஒரு காரணம். உடனே பதில் சொல்லும் சாமர்த்தியம் எனக்கு இல்லை என்பது உண்மையான காரணம். இப்போது எழுதுகிறேன். அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. தலையாட்டிய எல்லோருக்கும் சேர்த்துத்தான் இது.

நடந்தது இதுதான். 2009 ஜூன் 30 அன்று, ஆப்கானிஸ்தானின் பக்டிகா மாகாணத்தில் ஒரு சிறு காவல் முகாமிலிருந்து பெர்க்டால் தனியாக வெளியே நடந்தான். வயது 23. சில மணி நேரத்தில் பிடிபட்டான். ஹக்கானி குழுவினரிடம் ஏறக்குறைய ஐந்து வருஷம், அதில் பெரும்பகுதி கூண்டில். தப்பிக்க முயன்று திரும்பத் திரும்பப் பிடிபட்டான். 2014 மே 31 அன்று விடுதலை. பதிலுக்கு குவாண்டநாமோ சிறையிலிருந்து ஐந்து பேர் கத்தாருக்கு அனுப்பப்பட்டார்கள்.

அன்று ஒபாமா வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் பெர்க்டாலின் பெற்றோரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு செய்தியை அறிவித்தார். தன் சிப்பாயை ஒரு நாடு கைவிடுவதில்லை என்பது அவர் வாதம். அதோடு நிறுத்தியிருக்கலாம். மறுநாளே அவருடைய பாதுகாப்பு ஆலோசகர் சூசன் ரைஸ் தொலைக்காட்சியில் தோன்றி, பெர்க்டால் கௌரவமாகவும் சிறப்பாகவும் சேவை செய்தவன் என்று சொன்னார். யார் கேட்டார்கள் இந்த நற்சான்றிதழை? கைவிடுவதில்லை என்ற கொள்கையில் உண்மையாக நம்பிக்கை இருந்தால் சான்றிதழ் எதற்கு? தான் செய்த சரியான காரியம் சரிதான் என்று சொல்ல அரசாங்கத்துக்குத் தைரியம் இல்லை. அதனால் ஒரு வீரனைத் தயாரித்துக் கொடுத்தது.

தயாரித்த வீரன் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. கூட இருந்த சிப்பாய்கள் தங்கள் கோபத்தைச் சொன்னார்கள். அவன் சொந்த ஊரான ஹெய்லியில் ஏற்பாடு செய்திருந்த கொண்டாட்டத்தை ரத்து செய்தார்கள். மகன் பிடிபட்டிருந்த காலத்தில் தாடி வளர்த்து, பஷ்தூ மொழி கற்றுக்கொண்ட தகப்பனின் முகம் விவாதப் பொருளாயிற்று. ஒரு தகப்பனின் தாடி துரோகத்துக்குச் சாட்சியம்! வீரன் இல்லை, ஆகவே துரோகி. துரோகி, ஆகவே மீட்டதே தப்பு.

இரண்டு கட்சிகளும் எதிரெதிர் என்று நினைப்பது தவறு. இரண்டும் ஒரே அபிப்பிராயத்தில் நிற்கின்றன: நல்லவன்தான் மீட்கப்படத் தகுதியுள்ளவன். ஒரு கட்சி அவனை நல்லவன் என்றது, மற்றது இல்லை என்றது. நம் கவிஞர் இரண்டாவது கட்சியில் போய்ச் சேர்ந்திருக்கிறார், அவ்வளவே.

நான் பாங்கில் குமாஸ்தா. எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாத தொகை வந்தால் அதை சஸ்பென்ஸ் கணக்கில் வைப்போம். வவுச்சர் வந்து, சரிபார்த்து, அதன்பிறகுதான் உரிய லெட்ஜருக்கு மாற்றுவோம். தெரியாததைத் தெரியாதது என்று எழுதிவைக்க ஒரு பக்கம் வேண்டும் என்ற சாதாரண நாணயம் அது. மனுஷ்யாளைப் பற்றிப் பேசும்போது நம் எழுத்தாளர்களிடம் அந்தப் பக்கமே இல்லை. வீரன், துரோகி என்று இரண்டு லெட்ஜர்தான் இருக்கிறது. வவுச்சர் பார்க்கும் வழக்கமும் இல்லை.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2009 ஜூலையில், அவனைத் தேடப் போன ஒரு குழுவில் ஒரு சிப்பாய் தலையில் குண்டுபட்டு, பேச்சிழந்து, பத்து வருஷம் கிடந்து 2019இல் இறந்தான். அந்தக் குடும்பத்துக்கு முன்னால் நின்று கொள்கை பேச எனக்கு நாக்கு எழாது. குவாண்டநாமோவிலிருந்து ஆட்களை அனுப்புவதற்கு 30 நாள் முன்னதாகக் காங்கிரஸுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். தெரிவிக்கவில்லை. சட்டம் மீறப்பட்டது என்று அரசின் தணிக்கை அலுவலகமே 2014 ஆகஸ்டில் சொன்னது. விடுதலையான ஐவரும் 2021இல் தாலிபான் ஆட்சி திரும்பியபின் பதவிகளுக்கு வந்தார்கள். ஒருவர் உளவுத்துறைத் தலைவர், ஒருவர் தகவல், கலாசார அமைச்சர்.

இவை உண்மையான கேள்விகள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் விலாசம் வேறு. சட்டத்தை மீறியதற்கு ஜனாதிபதியைக் கேளுங்கள். விலை அதிகம் என்றால் பேரம் பேசியவர்களைக் கேளுங்கள். மாவீரனாக இருந்தாலும் இந்த விலை அதிகம் என்று ஒருவர் சொன்னால் அது வாதம், அதற்கு மரியாதை உண்டு. 2011இல் கிலாத் ஷாலித் என்ற ஒரே சிப்பாய்க்கு இஸ்ரேல் 1,027 கைதிகளைக் கொடுத்தபோது, அந்தக் கைதிகளால் பிள்ளைகளை இழந்தவர்கள் உச்ச நீதிமன்றம்வரை போய் எதிர்த்தார்கள். அது விலையைப் பற்றிய வழக்கு. ஓடிப்போனவன் என்பதால் மட்டும் விலை அதிகம் என்றால் அது வாதம் இல்லை, எரிச்சல்.

ஓடிப்போனானா என்ற கேள்விக்கும் விலாசம் உண்டு. அது ராணுவ நீதிமன்றம். அங்கே அவனை நிறுத்த முடிந்தது அவனைக் கொண்டுவந்ததால்தான். வவுச்சர்கள் அங்கேதான் வெளியே வந்தன. 2006இல் கடலோரக் காவல் படை மனநிலைக் காரணத்துக்காக இவனைச் சில வாரங்களில் திருப்பி அனுப்பியிருக்கிறது. ஆள் தேவைப்பட்ட ராணுவம் 2008இல் விதிவிலக்கு கொடுத்துச் சேர்த்துக்கொண்டது. மேலதிகாரிகளைப் பற்றி ஒரு ஜெனரலிடம் புகார் சொல்லவே வேறு பெரிய முகாமுக்கு நடந்தேன் என்றான். விசாரித்த மேஜர் ஜெனரல் கென்னத் டால், இவனுக்குச் சிறைத் தண்டனை பொருத்தமாகாது என்று சாட்சி சொன்னார். 2017 அக்டோபரில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். நவம்பர் 3 அன்று தீர்ப்பு: சிறை இல்லை, அவமான வெளியேற்றம், பதவி இறக்கம், 10,000 டாலர் பிடித்தம். தேர்தல் மேடைகளில் அவனைத் துரோகி என்று ஏசி வந்த டிரம்ப் அப்போது ஜனாதிபதி. தீர்ப்பையே அவமானம் என்றார். 2023இல் சிவில் நீதிபதி ஒருவர் அந்தத் தீர்ப்பையும் ரத்து செய்தார். ராணுவ நீதிபதி அரசாங்கத்தில் வேறு வேலைக்கு விண்ணப்பித்திருந்ததை மறைத்தார் என்பது காரணம். பதினான்கு வருஷம் கழித்தும் கணக்கு மூடவில்லை. நண்பர்கள் ஒரு மாலையில் மூடிவிட்டார்கள்.

அவசரமாக மூடிய கணக்குகள் எப்படியிருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். முதல் உலகப் போரில் ஓட்டம், கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காகப் பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக்கொன்ற 306 பேருக்கு 2006இல் மன்னிப்பு வழங்கினார்கள். யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது?

கடைசியாக அந்தப் பாட்டு. காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் பாட்டைச் சபதத்தோடு நிறுத்திவிடுவது பள்ளிக்கூடத்திலிருந்து மேடைவரை நம் வழக்கம். சபதத்துக்குப் பிறகும் பாட்டு இருக்கிறது. மகன் ஓடிவிட்டான் என்று அந்தக் கிழவியிடம் பலர் சொல்கிறார்கள். அவள் அந்த இடத்திலேயே அறுத்துக்கொள்ளவில்லை. வாளை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போகிறாள். பிணங்களைப் புரட்டிப் புரட்டித் தேடுகிறாள். துண்டாகிக் கிடக்கும் மகனைக் கண்டுபிடிக்கிறாள். பலர் சொன்னது பொய்.

அந்தப் பாட்டு ஓடிப்போனவனை மன்னிக்கிறது என்று நான் திரிக்கவில்லை. அவன் உண்மையிலேயே ஓடியிருந்தால் அவள் செய்திருப்பாள். ஆனால் எது முதலில், எது பிறகு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. முதலில் போய்த் தேட வேண்டும். அதற்கு அவன் நல்லவனாக இருக்க வேண்டியதில்லை, அவள் பிள்ளையாக இருந்தால் போதும். தீர்ப்பு அதற்குப் பிறகு. நம் நண்பர்கள் களத்துக்குப் போகவில்லை, ஒரு பிணத்தையும் புரட்டவில்லை. பாட்டில் அவர்களுக்கும் ஓர் இடம் இருக்கிறது. அவர்கள்தான் அந்தப் பலர்.

இனி இந்தப் பாட்டைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் தயவுசெய்து கடைசி வரிவரை படிக்கட்டும்.