மேய்ப்பருக்கு எதற்குக் கட்சிக்கொடி?

எந்தத் தொழில் செய்கிறவர்களை நேர்மையானவர்கள் என்று நம்புகிறீர்கள்? அமெரிக்காவில் கேலப் நிறுவனம் பல வருஷங்களாக மக்களிடம் கேட்டுவரும் கேள்வி இது. 1985-ல் நூற்றுக்கு 67 பேர் மதகுருமார்களுக்கு நல்ல மார்க் போட்டார்கள். 2024-ல்? வெறும் 30 பேர். அதே வருஷம் நர்ஸுகளுக்கு 76!

பி.காம். படித்தவர்களுக்கு ‘குட்வில்’ தெரிந்திருக்கும். கையால் தொட முடியாது, தராசில் நிறுக்க முடியாது. ஆனால், கடையை விற்கும்போது அதற்கென்று தனி விலை உண்டு. ஒரு போதகரிடம் இருக்கிற ஒரே சொத்து அதுதான். அதைக் கொண்டுபோய்க் கட்சி ஆபீஸில் அடகு வைத்துவிட்டார்கள்.

எல்லாப் பழியும் அரசியலுக்குத்தானா? இல்லை. சிறுவர்களைச் சீரழித்த பாதிரியார்களை பாஸ்டன் கத்தோலிக்க மேலிடம் பொத்திப் பாதுகாத்தது 2002-ல் அம்பலமானதே, அது பேரிடி. ஆனால், அதற்காகத் திருச்சபை தலைகுனியவாவது செய்தது. அரசியல் பேரத்துக்கோ காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறார்கள்!

ஜெர்ரி ஃபால்வெல்லைப் பாருங்கள். 1965-ல் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போதகர்கள் ஊர்வலம் போனபோது, ‘ஊழியக்காரனுக்கு அரசியல் எதற்கு’ என்கிற ரீதியில் பிரசங்கம் செய்தவர். அதே மனிதர் 1979-ல் ‘மாரல் மெஜாரிட்டி’ என்று இயக்கமே ஆரம்பித்து, 1980 தேர்தலில் ரீகனுக்காக ஆள் திரட்டினார். அப்போது எங்கே போச்சு அந்த உபதேசம்?

சொந்த வாழ்க்கையில் ஒழுக்கம் தவறியவர் பதவியில் மட்டும் யோக்கியமாக இருப்பாரா? பி.ஆர்.ஆர்.ஐ. என்ற ஆய்வு நிறுவனம் இதைக் கேட்டது. 2011-ல் வெள்ளை இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களில் ‘இருப்பார்’ என்றவர்கள் 30 சதவிகிதம். டிரம்ப் போட்டியிட்ட 2016-ல் 72 சதவிகிதம். இடைப்பட்ட ஐந்து வருஷத்தில் பைபிளா மாறியது? வேட்பாளர்தான் மாறினார்! ‘இது மந்தையின் கணக்குதானே’ என்பீர்கள். சரி, மந்தை திசைமாறியபோது மேய்ப்பர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? பலர் மேடையில் அந்த வேட்பாளரின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

‘அப்படியானால் போதகர் அரசியலே பேசக்கூடாதா?’ தாராளமாகப் பேசட்டும். மார்ட்டின் லூதர் கிங்கும் போதகர்தான். கறுப்பின மக்களுக்கு ஓட்டுரிமைச் சட்டம் தந்த ஜனாதிபதி ஜான்சனின் வியட்நாம் போரை, 1967-ல் அவர் சர்ச் மேடையிலேயே எதிர்த்தார். உதவி செய்தவரையே தட்டிக்கேட்கிற துணிச்சல் ஊழியம். உதவி செய்தார் என்பதற்காக வாயை மூடிக்கொள்வது வியாபாரம்.

சர்ச்சுகள் வேட்பாளருக்குப் பிரசாரம் செய்தால் வரிவிலக்கு போய்விடும் என்று 1954-லேயே சட்டம் போட்டார்கள். 2025 ஜூலையில், சபைக்குள் தன் மக்களிடம் பேசினால் தப்பில்லை என்று வரித்துறையே கோர்ட்டில் இறங்கிவந்தது. வரி மிச்சம்தான். ஆனால், குட்வில் கணக்கில் விழுந்த துண்டை எந்த வரித்துறை ஈடுகட்டும்?

பல ஜனாதிபதிகளோடு நெருங்கிப் பழகிய பில்லி கிரகாம், 2011-ல், தன் 92-வது வயதில், அரசியலிலிருந்து ஒதுங்கி இருந்திருக்கலாம் என்று வருத்தப்பட்டார். அனுபவித்தவர் சொன்ன புத்திமதி. கேட்கத்தான் ஆளில்லை.

யோசித்துப் பாருங்கள். சாவு வீட்டில் தோளைத் தொட்டு ஆறுதல் சொல்ல வருகிறவரைப் பார்த்து, ‘இவர் எந்தக் கட்சி?’ என்று மனசு கேட்டுவிட்டால், அப்புறம் அவர் சொல்கிற ஜெபம் யார் காதில் விழும்?