வாடகை வாய்

"பால் டப்பான்னு பேர் வச்சிக்கிட்டா அவன எப்படி சீரியஸா எடுத்துக்கிறது?" மறைமலை நகர் ஸ்டேஷன் வாசலில் டீ குடித்தபடி நண்பர் கேட்டார். தீவிர வாசகர், கவிதையில் ஒரு ஒற்று மிகுந்தாலும் முகம் சுளிப்பவர். நாங்கள் நின்றிருந்த ஊரின் பெயரே ஒருவர் தனக்குத்தானே சூட்டிக்கொண்டதுதான். வேதாசலம் என்ற பெயரைத் தனித்தமிழ் ஆக்கி மறைமலை ஆனவர் அடிகள். தன்னை என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்வது அன்றைக்கு அரசியல் என்றால், பால் டப்பாவுக்கும் அசல் கோளாறுக்கும் மட்டும் அது ஏன் விளையாட்டாகிறது? (இந்த ஒப்பீட்டுக்கு அடிகள் என்னை மன்னிக்கவே மாட்டார்.)

நண்பரின் புகார் புதிதல்ல. முன்னே ராப் நன்றாக இருந்தது, இப்போது வருகிற பசங்களிடம் உச்சரிப்பும் இல்லை, அரசியலும் இல்லை என்பார்கள். 2006இல் மலேசியாவிலிருந்து யோகி பி 'வல்லவன்' ஆல்பத்தோடு வந்தார். அதில் மேடைப் பேச்சு போல ஒவ்வொரு எழுத்தும் அழுத்தமாக விழும். 2012இல் ஹிப்ஹாப் தமிழா அதில் தமிழ்ப் பெருமையை ஏற்றினார்கள். 2018 ஜனவரியில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடை ஏறியபோது கானாவும் ராப்பும் ஒன்றாக நின்று சாதியைக் கேள்வி கேட்டன. இப்போதைய பையன்கள் சொல்லை இழுக்கிறார்கள், பாதியை விழுங்குகிறார்கள், தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் சோம்பலாக வந்து சேர்கிறார்கள். தெருமுனையில் நிற்கிறவன் அப்படித்தான் பேசுகிறான். அவனுக்கு மைக் பிடித்துச் சொற்பொழிவாற்ற வேண்டிய அவசியம் இல்லை. அதை உச்சரிப்புக் கோளாறு என்பது, எல்லாரும் பட்டிமன்றத் தமிழ்தான் பேச வேண்டும் என்பதுபோல.

என் கோபம் வேறு இடத்தில். ராப்பின் உயிர் 'நான்'தான். என் பேர் இது, என் தெரு இது, நான் வந்துட்டேன். இந்தத் திமிரைத்தான் தமிழ் சினிமா குறிவைத்து எடுத்துக்கொள்கிறது. 'லியோ'வின் 'நா ரெடி'யில் அசல் கோளாறின் குரல் வருகிறது, ஆனால் அங்கே எழுந்து நிற்கிற 'நான்' விஜய்யுடையது. பையனின் கெத்து ஹீரோவின் அறிமுகத்துக்குக் காரமாகிறது. ஊறுகாய் மாதிரி, இலை ஓரத்தில்.

கானாவுக்கு நடந்ததும் இதுதான். சாவு வீட்டில் ராத்திரி முழுக்கப் பாடியவர்களின் மெட்டைத் தொண்ணூறுகளில் சினிமா எடுத்தது. கானா ஊரெங்கும் போனது, பாடியவர்களில் எத்தனை பேரின் பெயர் கூடப் போனது?

சினிமாவுக்கு வெளியே இருந்தால் தப்பிக்கலாம் என்று நினைத்தோம். 2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்ஜாமி' வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையை அறிவு அதில் கொண்டுவந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் அவருக்குத் தனி அட்டை. 2022இல் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோதும் அவர் மேடையில் இல்லை. பாட்டு யாருடையது என்று அறிவும் சந்தோஷ் நாராயணனும் பொதுவெளியில் அறிக்கை விட வேண்டியிருந்தது. 2024இல் சந்தோஷ், இந்தப் பாட்டிலிருந்து ஒரு பைசாகூட வரவில்லை என்றார். உலகமே பாடிய பாட்டு!

நான் மென்பொருள் எழுதுகிறவன். எங்கள் வேலையில் எந்த வரியை யார் எழுதினார்கள் என்று கிட்டில் ஒரு கட்டளை போட்டால் வந்துவிடும், தேதியோடு. ஆனால் அந்த வரி கம்பெனிக்குச் சொந்தம். மாதச் சம்பளத்துக்கு நான் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட ஏற்பாடு அது, புகார் இல்லை. நான் கட்டுப்போட்டுக்கொண்டு பேசுவது என் பாட்டியைப் பற்றி அல்லவே.

"இவ்ளோ பேசுறீங்களே, அவங்களே விரும்பித்தான சினிமாவுக்குப் போறாங்க?" என்றார் நண்பர். போகாமல்? தனிப்பாட்டுக்குக் காசு தர இங்கே யார் இருக்கிறார்கள்? விமர்சனமாவது கொடுத்தோமா? இருநூறு பிரதி போகிற கவிதைத் தொகுப்புக்கு எட்டுப் பக்க மதிப்புரை எழுதுகிற நம் ஆட்கள், 2019இல் அறிவும் ஆஃப்ரோவும் 'தெருக்குரல்' கொண்டுவந்தபோது அந்த வரிகளை எடுத்து வைத்துக்கொண்டு எத்தனை பக்கம் எழுதினார்கள்?

நண்பர் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. அப்போது எனக்கு அப்ரைசல் நேரம்.