கேட்டுக்கு வெளியே ஊற்றும் கொங்கிறீட்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கார் வைத்திருப்பவர்களும், ஒழுங்கையில் நடந்து போகிறவர்களும் பொறுமையாக வாசியுங்கள்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஏதாவது ஒன்றில் பத்து வீடு நடந்து பாருங்கள். கேட்டுக்கு முன்னால் வீதிக்குள் நீட்டியபடி கொங்கிறீட் சாய்வுகள். ஒரு வீட்டுக்கு இரண்டடி, அடுத்த வீட்டுக்கு நாலடி. கொட்டாஞ்சேனையில் பழைய வீடுகளின் வாசல்படியே வீதியில்தான், அங்கே கேட்கவே வேண்டாம். வயதானவர்கள் அந்தச் சாய்வில் ஏறி இறங்க முடியாமல் நடு வீதிக்கு வந்துவிடுகிறார்கள், பின்னால் திரீவீலர் ஹோர்ன் அடிக்கிறது. காலையில் பாடசாலைக்கு வரும் நம் பிள்ளைகளும் அப்படித்தான் வருகிறார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவரோ வீட்டைவிட்டு வெளிக்கிடுவதையே விட்டுவிடுகிறார்.

இதைச் செய்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். கார் அடிபடுகிறது, அதுதான் காரணம். வெள்ளத்துக்குப் பயந்து தரையை ஒன்றரை அடி, இரண்டடி உயர்த்திக் கட்டுகிறோம். 2010 நவம்பரில் ஒரே இரவு மழையில் பாராளுமன்றத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்த ஊர் இது, பயம் நியாயம்தான். நம்மிடம் இருப்பதோ பெரும்பாலும் பதிந்த ஜப்பான் கார்கள். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள், திறந்த பிறகும் விலை வரியோடு சேர்ந்து எட்டாத உயரத்தில். ஆகவே ஸ்பிரிங் தளர்ந்த பழைய காரையே ஓட்டுகிறோம். "உயரமான ஜீப் வாங்குங்கள்" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

ஆனால் கார் ஏன் அடிபடுகிறது என்று அளந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? கணிதப் பாடம் எடுக்கிறோம் என்று கோபப்பட வேண்டாம், சின்னக் கணக்குதான்.

பழைய மொடல் டொயோட்டா அக்வாவை எடுங்கள். நிலத்துக்கும் காரின் அடிக்கும் இடையில் 140 மில்லிமீற்றர், அதாவது ஐந்தரை அங்குலம். முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையில் 8 அடி 4 அங்குலம். ஒன்றரை அடி உயரத்தை 6 அடி நீளத்தில் ஏறினால், சாய்வு முடிந்து தரை தொடங்கும் அந்த முனை இரண்டு சில்லுகளுக்கும் நடுவில் 6 அங்குலத்துக்கும் மேல் துருத்தி நிற்கும். ஐந்தரை அங்குலக் கார் அதில் உட்கார்ந்துவிடும். அதே ஒன்றரை அடியை 12 அடி நீளத்தில் ஏறினால் துருத்தல் 3 அங்குலம்தான். நாலு பேரோடும் அரிசி மூட்டையோடும் கார் பேசாமல் ஏறும்.

அப்படியென்றால் 12 அடியை எங்கே எடுப்பது? இங்கேதான் நம் வண்டவாளம் தெரிகிறது. உள்ளே இடம் இல்லாதவர்கள் சிலர். ஆனால் இடம் இருந்தும், இரண்டாவது வாகனம் நிறுத்தவும் பூச்சாடி வைக்கவும் உள்ளே மட்டமாக வேண்டும் என்று, சாய்வை மட்டும் கேட்டுக்கு வெளியே தள்ளிவிடுகிறவர்கள் நிறையப் பேர். உள்ளே மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு அடியும் வெளியே நடப்பவனின் கணக்கில் பற்று எழுதப்படுகிறது. வீதி மாநகர சபையுடையது, நம் காணி உறுதியில் அது இல்லை.

இடம் உண்மையாகவே இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. முனையை உடைத்து, நடுவில் இரண்டு அங்குலம் பதியும்படி ஐந்தடி நீளத்துக்கு வளைவாகப் பூசச் சொல்லுங்கள். ஆறடிச் சாய்வில்கூட ஆள் இல்லாத கார் ஏறிவிடும். மற்றவர்களை வாசலில் இறக்கிவிட்டு ஏற்றலாம், அதனால் யாருடைய கௌரவமும் குறையாது. கீழே பம்பர் இடித்தால் ஒரு இரும்புத் தகட்டையோ கட்டைப் பலகையையோ வைத்து ஏற்றிவிட்டு உள்ளே இழுத்துப் போடலாம். சரிவாக வளைத்து, ஒரு சில்லாக ஏற்றுவதும் உதவும். ஆனால் நம் ஒழுங்கைகளில் எதிரே திரீவீலர் நிற்கும்போது அதற்கு இடம் எங்கே!

கான் விடயம் இதைவிடப் பாரதூரமானது. சாய்வு போடும்போது பாஸ்மார் பலர் கானுக்குள் ஒரு நாலங்குலக் குழாயை வைத்துவிட்டு மேலே கொங்கிறீட்டை ஊற்றிவிடுகிறார்கள். முதல் மழையிலேயே பொலித்தீனும் இலையும் அதை அடைத்துவிடும். தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும். பக்கத்து வீட்டுக்காரர் அடுத்த வருடம் தன் தரையை உயர்த்துவார், அவருடைய காரும் அடிபடும், அவரும் வீதிக்குள் கொங்கிறீட் ஊற்றுவார். வெள்ளத்துக்குப் பயந்து தொடங்கிய வேலை வெள்ளத்தையே வளர்க்கிறது. கானின் மேல் கழற்றக்கூடிய கம்பிச் சட்டம் போட்டால் காரும் போகும், தண்ணீரும் போகும், அள்ளித் துப்புரவாக்கவும் முடியும்.

பாதையிலிருந்து இடைஞ்சலை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்று மதரஸாப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறோம். அந்தப் பிள்ளைகள் வீடு திரும்பும்போது தாண்டிப் போவது நம் வீட்டுச் சாய்வைத்தான். நம் ஒழுங்கைகளில் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லோரும் இருக்கிறோம், இதில் எந்த வீடும் விதிவிலக்கில்லை. "அவர் முதலில் உடைக்கட்டும், பிறகு நான் உடைக்கிறேன்" என்ற பேச்சும் எல்லா மொழியிலும் ஒன்றுதான். பள்ளிவாசலுக்கு அருகில் இருக்கும் வீடுகள் முதலில் தொடங்கலாமே என்பது நம் அபிப்பிராயம். ஜும்ஆவுக்கு ஊன்றுகோலோடு வருகிறவர்கள் அந்தப் பக்கம்தானே நடக்கிறார்கள்.

ஸ்கூல் லீவுக்குள் பாஸைக் கூப்பிட்டு வேலை செய்ய நினைத்திருப்பவர்கள், சீமெந்து வாங்க முன் இரண்டு அளவு எடுத்து வையுங்கள். வீதியிலிருந்து தரை எவ்வளவு உயரம், கேட்டிலிருந்து உள்ளே எத்தனை அடி. மெசெஞ்சரில் அனுப்பினால் சாய்வுக் கணக்கைப் போட்டுத் தருகிறோம். ஓ.எல். பிள்ளைகளுக்கும் நல்ல பயிற்சி, இன்ஷா அல்லாஹ்.