புறம்போக்கின் விலை

சென்னை மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ சாலை' என்றொரு தெரு இருக்கிறது. அங்கு நின்று எத்திசையில் நோக்கினாலும் ஏரி தென்படாது. நுங்கம்பாக்கத்தில் 'டேங்க் பண்ட் சாலை', அதாவது ஏரிக்கரைச் சாலை, உண்டு. அங்கே இன்று கரையும் இல்லை, ஏரியும் இல்லை. நுங்கம்பாக்கம், மாம்பலம் பகுதிகளில் நீண்டு கிடந்த பேரேரியின் பெரும்பரப்பு 1920களில் வீட்டுமனைகளாக்கப்பட்டது. இன்றைய தியாகராய நகர் அவ்வாறு உருவானதே. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1970களில் வள்ளுவர் கோட்டம் எழுந்தது.

இம்மாற்றங்களைச் செய்தவர்களைக் குறைகூறுவது எளிது. நகரம் வளர்ந்தது, மக்களுக்கு வீடு தேவைப்பட்டது, அத்தேவை பொய்யன்று. ஆனால் அன்று போடப்பட்ட கணக்கில் ஒரு பக்கம் மட்டுமே எழுதப்பட்டது. மனையின் விலை அதில் இருந்தது. ஏரியின் விலை இல்லை. அதே கணக்கு இன்றும் தொடர்கிறது என்பதே கவலைக்குரியது.

இதன் வேர் நிலவரிக் கணக்கில் உள்ளது. ஏரி, குளம், ஓடை, மேய்ச்சல்வெளி ஆகியவை அக்கணக்கில் 'புறம்போக்கு' எனக் குறிக்கப்பட்டன. வரி விதிப்புக்குப் புறத்தே நிற்கும் நிலம் என்பதே அதன் பொருள். எல்லார்க்கும் பொதுவாக இருந்ததால் எவரிடமும் அதற்கு வரி தண்டப்படவில்லை. நாளடைவில் வரி தராத நிலம் பயன் தராத நிலமாகக் கருதப்பட்டது. இன்று அச்சொல் மனிதரைத் திட்டும் வசையாகவும் வழங்குகிறது. புதிய கட்டடத்துக்கு இடம் தேடுவோருக்குத் தனியார் நிலத்தை விலைகொடுத்து வாங்குவதைவிட ஏரியின் உட்புறத்தை எடுத்துக்கொள்வது செலவில்லாத வழியாகத் தோன்றுவதும் இப்பிழையான எண்ணத்தாலேயே.

சோழர் காலத்து ஊர்கள் வேறு கணக்கு வைத்திருந்தன. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்னும் குழுவைக் குறிப்பிடுகின்றன. அதன் உறுப்பினர்கள் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஏரியைப் பேணுவதற்கென விடப்பட்ட நிலம் ஏரிப்பட்டி எனப்பட்டது; அதன் வருவாய் ஏரியின் பராமரிப்புக்குச் செலவாயிற்று. தூர்வாரிய வண்டல் வயலுக்கு உரமாயிற்று. ஏரி தன் செலவைத் தானே ஈட்டிக்கொண்டது எனலாம். அதற்காக அக்காலத்தைப் பொற்காலமாகக் கொள்ள வேண்டுவதில்லை. வாரியத்தில் இடம்பெற நிலவுடைமையும் வேதக் கல்வியும் தகுதிகளாக வைக்கப்பட்டிருந்தன. கரைக்கு மண் சுமந்தவருக்கு அங்கு இடமில்லை. ஆயினும் நீருக்கென ஒரு வரவுசெலவு இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் வரிப்பணம் கருவூலத்துக்குச் சென்றது. ஊரின் பொறுப்பு தளர்ந்தது. ஊரார் கூடிச் செய்துவந்த குடிமராமத்துப் பணியை 1858இல் சட்டத்தின் மூலம் கட்டாயமாக்க நேர்ந்தது.

ஏரியின் விலையை எவ்வாறு கணக்கிடுவது? எளிய கணக்கு ஒன்று உதவும். ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு நீர் நின்றால் அது ஒரு கோடி லிட்டர். 2019ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய சென்னையின் நான்கு குடிநீர் ஏரிகளும் ஏறத்தாழ வறண்டன. ஜூலை மாதத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் குடிநீர் கொண்டுவரப்பட்டது. வண்டிக்கு 50 பெட்டிகள். பெட்டிக்கு 50,000 லிட்டர். ஆக, ஒரு வண்டியில் 25 லட்சம் லிட்டர். ஒரு ஹெக்டேர் ஏரி ஒருமுறை நிறையும்போது தேக்குவது அத்தகைய நான்கு வண்டிகளின் நீர். அத்திட்டத்துக்கு ஒதுக்கப்பட்ட தொகை 65 கோடி ரூபாய். கடல்நீரைக் குடிநீராக்குவதானால் ஒரு கனமீட்டருக்கு 3 முதல் 4 யூனிட் வரை மின்சாரம் வேண்டும். ஒரு கோடி லிட்டருக்கு அது 30,000 யூனிட்டுக்குக் குறையாது. ஏரிக்கு அந்த நீரைத் தருவது மழை. அதற்கு மின்கட்டணம் இல்லை.

கோடை வெயிலில் நீர் ஆவியாகும். எல்லா ஏரிகளும் ஆண்டுதோறும் நிறைவதில்லை. கழிவுநீர் கலந்த நகர ஏரியின் நீர் குடிக்கத் தகாது. இவை அனைத்தும் உண்மை. பாதியைக் கழித்துவிட்டாலும் எஞ்சுவது சிறு தொகையன்று. இதைவிட வலுவான மறுப்பு ஒன்றுண்டு: வயல்களே இல்லாத இடத்தில் பாசன ஏரி எதற்கு? ஆயக்கட்டு அழிந்தது உண்மைதான். ஆனால் அவ்வயல்களில் கட்டப்பட்ட வீடுகளின் கிணறுகள் ஏரியிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் நீரையே நம்பியுள்ளன. ஏரிக்குப் பயனாளர்கள் மாறினார்களே தவிர, இல்லாமற்போகவில்லை. பெருமழையைத் தாங்க இடம் குறைந்தால் என்னாகும் என்பதை 2015 டிசம்பர் வெள்ளம் அந்நகருக்கு உணர்த்தியது.

இக்கணக்கில் ஆதாயம் பெறுபவரும் இழப்பவரும் ஒருவரல்லர். மனை விற்றவருக்கு வரவு ஒருமுறை. சுற்றியுள்ளோருக்கு இழப்பு ஆண்டுதோறும். ஆழ்துளைக் கிணற்றை மேலும் ஆழப்படுத்த இயன்றவர் தப்பித்துக்கொள்வார். இயலாதவர் குடத்துடன் தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பார். அக்காத்திருப்பில் இழந்த ஒருநாள் கூலி எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை.

ஏரிகளில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றுவதற்கெனத் தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டு தனிச்சட்டம் இயற்றப்பட்டது. அது தேவையான சட்டமே. ஆனால் ஆக்கிரமித்தவரை வெளியேற்றுவது வேறு; ஏரியின் மதிப்பை முன்கூட்டியே எழுதிவைப்பது வேறு. நீர்நிலையின் பயன்பாட்டை மாற்றக் கோரும் ஒவ்வொரு திட்டத்திலும் அந்நிலம் தேக்கும் நீரின் அளவும், அதே நீரை வேறு வழியில் பெறுவதற்கு ஆகும் செலவும் குறிக்கப்பட வேண்டும். அத்தொகை திட்டச் செலவோடு கூட்டப்பட வேண்டும். அவ்வாறு கூட்டினால், மலிவாகத் தோன்றும் இடங்களுட் பல மலிவாக இரா.

பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் அத்தகைய ஓர் இடம். தென்சென்னை ஏரிகள் பலவற்றின் உபரிநீர் அங்கே சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகக் கடலை நோக்கிச் செல்கிறது. அச்சதுப்பின் ஒரு பகுதியான பெருங்குடியில் பல்லாண்டுகள் நகரத்தின் குப்பை கொட்டப்பட்டது. அவ்விடத்துக்கு வாடகை இல்லை, விலையும் இல்லை. 2022இல் பள்ளிக்கரணை பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பெருங்குடியில் பல்லாண்டுக் குப்பையை அகழ்ந்து, பிரித்து, நிலத்தை மீட்கும் பணி தொடங்கியது. இலவச இடமென்று அங்கே கொட்டிய குப்பையை அள்ளப் பொதுப்பணம் செலவிடப்படுகிறது.