இ-பாஸும் பசுந்தேயிலையும்

'வளங்குன்றாச் சுற்றுலா' என்றொரு சொற்றொடர் சில ஆண்டுகளாக அரசு அறிக்கைகளிலும் கருத்தரங்க அழைப்பிதழ்களிலும் தவறாமல் தென்படுகிறது. கேட்க இனிமையான சொல்தான். ஆனால் எந்த வளம், யாருக்குக் குன்றாமல் இருக்க வேண்டும் என்று அதைப் புழங்குகிறவர்கள் கேட்பதேயில்லை. நீலகிரியை முன்வைத்து நாம் கேட்டுப் பார்க்கலாம்.

2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம், உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் பெற்றே செல்ல வேண்டும் என்று உத்தரவிட்டது. மே 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது. முதல் ஆண்டில் வருவோர் எண்ணப்பட்டனரே ஒழியத் தடுக்கப்படவில்லை. மறு ஆண்டுதான் உச்சவரம்பு வந்தது: 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. மலை எத்தனை பேரைத் தாங்கும் என்று ஆராயும் பணி சென்னை ஐஐடியிடமும் பெங்களூர் ஐஐஎம்மிடமும் ஒப்படைக்கப்பட்டது. சீசனில் நாளொன்றுக்கு 20,000 வாகனங்கள் ஏறுகின்றன என்ற கணக்கைக் கண்டவர் எவரும் நீதிமன்றத்தைக் குறைசொல்ல மாட்டார். நாமும் சொல்லவில்லை. நம் சச்சரவெல்லாம், இத்துடன் மலை பிழைத்துவிட்டது என்று கைதட்டியவர்களோடுதான். அவர்களில் நம் இலக்கிய நண்பர்களும் உண்டு. இலக்கியக் கூடுகைக்குக் காரில் மலையேறி, மூன்று நாள் குளிர் காய்ந்து, இறங்கி வந்ததும் 'சுற்றுலாப் பயணிகளால் மலை நாசமாகிறது' என்று கட்டுரை எழுதுபவர்கள். (நாமும் அந்தக் கார்களில் இடம்பிடித்து அமர்ந்தவர்களே.)

இலவசமாக வழங்கப்படும் இ-பாஸ் பொருளாதாரத்தில் என்ன செய்கிறது? ஒரு பொருளின் அளவைக் குறைத்துவிட்டு அதற்கு விலை வைக்காமல் விட்டால், அந்தத் தட்டுப்பாட்டின் ஆதாயம் மறைந்துபோவதில்லை; இன்னொருவர் கைக்குப் போய்ச் சேர்கிறது. பாஸ் கிடைத்தவர் இரண்டு நாள் கூடுதலாகத் தங்கவே நினைப்பார். அறை வைத்திருப்பவர் அதற்கேற்ப வாடகையை உயர்த்தலாம். சாலையோரம் கேரட் விற்கும் பெண்ணுக்கும், வாடகை ஜீப் ஓட்டுபவருக்கும், வறுத்த கடலை விற்பவருக்கும் தலைகளின் எண்ணிக்கைதான் வருமானம், அது குறைகிறது. நகராட்சிக்கோ ஒன்றுமில்லை. குப்பை அள்ளும் செலவு மட்டும் அதன் கணக்கில் நிற்கிறது. 2025 ஏப்ரல் தொடக்கத்தில் நீலகிரி வணிகர்கள் கடையடைப்பு நடத்தியபோது 'பேராசைக்காரர்கள்' என்று ஏசியவர்கள், பெரிய விடுதியையும் தள்ளுவண்டியையும் ஒரே தராசில் வைத்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், கூட்டத்தைக் கண்டு அஞ்சும் அதே அரசுதான் கூட்டத்தை அழைக்கிறது. மலர்க் கண்காட்சி ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில், நெரிசலின் உச்சத்தில் நடக்கிறது. 2025இல் நடந்தது 127ஆவது. சமவெளியின் வெயிலுக்கு ஒதுங்க வந்த வெள்ளைக்காரக் குடும்பங்களின் நாட்காட்டியை நாம் இன்னும் மாற்றவில்லை. இரண்டு மாதக் கூட்டத்துக்கு ஏற்ற குடிநீர்க் குழாயும் கழிப்பறையும் வாகன நிறுத்தமும் கட்டினால் எஞ்சிய மாதங்களில் அவை வீண். கட்டாவிட்டால் அந்த இரண்டு மாதமும் நாற்றம். இதில் எதைச் செய்தாலும் செலவு உள்ளூரின் தலையில்தான் விடிகிறது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த சல்லிவன் 1820களில் வெட்டுவித்த ஏரியில் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் படகு விடுகிறது; அதே ஏரியில் ஊரின் கழிவுநீர் கலக்கிறது. படகுக் கட்டணத்துக்கு ரசீது உண்டு, கழிவுநீருக்கு எவர் பெயரிலும் ரசீது இல்லை.

இதையெல்லாம்விட முக்கியமாக நாம் கருதுவது வேறொன்று. சுற்றுலாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் தேயிலையைப் பற்றிப் பேசுவதில்லை. நீலகிரியில் ஏக்கர் கணக்கிலும் சென்ட் கணக்கிலும் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயிகள் பல்லாயிரம் பேர், பெரும்பாலோர் படகர்கள். தானியம் விளைந்த அவர்களுடைய நிலத்தில் பணப்பயிர் நுழைந்து வாழ்வையே மாற்றிய கதையை ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித்தேன்' படித்தவர்கள் அறிவார்கள். அந்தப் பணப்பயிரில் பணம் வற்றிய கதையை எழுதத்தான் ஆளில்லை. நீலகிரித் தேயிலையின் பெரிய வாடிக்கையாளராக இருந்தது சோவியத் ஒன்றியம். 1991இல் அது இல்லாமற்போயிற்று. தொண்ணூறுகளின் இறுதியில் விலை சரிந்தது. அதன்பின் பசுந்தேயிலை கிலோவுக்கு இருபது ரூபாயைக்கூட எட்டாத மாதங்கள் எத்தனையோ. பறிகூலி, உரம், மருந்து எல்லாம் ஏறிக்கொண்டிருக்க, இலையின் விலை மட்டும் ஏறவில்லை. 2023 செப்டம்பரில் கட்டுபடியாகும் விலை கேட்டு ஊர் ஊராகத் தொடர் போராட்டம் நடந்தது. அப்போது சமவெளியின் சுற்றுச்சூழல் ஆர்வலர்களில் எத்தனை பேர் அங்கே போய் உட்கார்ந்தார்கள்?

அந்த விவசாயியின் மகன் கோவையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கிறான். அரை ஏக்கர் தேயிலை ஓர் ஆண்டில் ஈட்டித் தராததை, அதே நிலத்தில் எழும் நான்கு அறைகள் ஒரு சீசனில் ஈட்டித் தரும். அவன் விற்காமல் என்ன செய்வான்? மலைப்பகுதிக்கென்று கட்டட விதிகள் இருக்கின்றன, அனுமதிக் குழுக்கள் இருக்கின்றன. குடியிருப்புக்கு என்று அனுமதி வாங்கி விடுதியாக நடத்துவதும், எப்போதாவது அதிகாரிகள் வந்து சீல் வைப்பதும் நீலகிரியில் எவருக்கும் புதிய செய்தியல்ல. சீகூர் யானை வழித்தடத்து விடுதிகள் அகற்றப்பட, 2011இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பும் அதை உறுதிசெய்து 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் தேவைப்பட்டன. சட்டத்தால் மட்டும் நிலத்தைக் காக்க முடியுமென்றால் அவ்வளவு காலம் பிடித்திராது. பாஸ் சாலையைத்தான் எண்ணுகிறது, சரிவில் எழும் கான்கிரீட்டை எண்ணுவதில்லை.

உடனே பூட்டானை எடுத்துக்காட்டுவார்கள். காட்டட்டும், முழுவதையும் காட்டட்டும். வெளிநாட்டுப் பயணியிடம் இரவொன்றுக்கு வாங்கும் கட்டணத்தை 2022 செப்டம்பரில் பூட்டான் 65 டாலரிலிருந்து 200 டாலராக உயர்த்தியது. ஓராண்டில் அதை 100 ஆகக் குறைக்க நேர்ந்தது. வருவோர் குறைந்து, சுற்றுலாவை நம்பியிருந்தவர்கள் தவித்ததே காரணம். ஆக, விலையும் மந்திரமல்ல. ஆனால் அங்கே வசூலாகும் பணம் அரசுக் கருவூலத்துக்குச் சென்று மக்களின் மருத்துவத்துக்கும் கல்விக்கும் உதவுகிறது என்பதையாவது அந்நாட்டவர் அறிவார். நம் சோதனைச் சாவடியில் வாங்கும் பசுமை வரி அறை வாடகைக்கு முன் சில்லறை. அது எந்த ஓடையைத் தூர்வாரியது என்று கேட்டால் சாவடியில் நிற்பவருக்கும் தெரியாது.

கட்டணம் வைத்தால் ஏழைகள் மலையைப் பார்க்க முடியாதே என்று நண்பர் ஒருவர் கேட்டார். அரசுப் பேருந்திலும் மலை ரயிலிலும் வருபவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை. அவர்களிடம் ஒரு காசும் கூடுதலாக வாங்க வேண்டாம் என்றே நாமும் சொல்கிறோம். இரண்டு பேருக்கு ஒரு கார் என்று வருபவரிடம் மே மாதத்தில் கனமாகவே வாங்கலாம், நவம்பரில் குறைத்துக்கொள்ளலாம். அந்தப் பணம் சென்னைக்குப் போகாமல் மலையிலேயே தங்க வேண்டும். ஒரு பங்கு நகராட்சிக்கும் ஊராட்சிகளுக்கும். மற்றொரு பங்கு, நிலத்தை விற்காமல், கட்டடம் எழுப்பாமல் தேயிலையாகவோ சோலையாகவோ வைத்திருப்பவருக்கு. பயணி காசு கொடுத்துப் பார்க்க வருவது அந்தப் பச்சைச் சரிவைத்தானே? அதை வளர்ப்பவருக்கு, கிலோவுக்கு இன்ன விலை என்று தொழிற்சாலை தரும் சீட்டைத் தவிர இன்றுவரை எதுவும் வந்து சேரவில்லை.