சொந்த டொமைன் மெயில் ஸ்பேமுக்குப் போகுதா? மூணு பதிவைச் சரிபாருங்க!

வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் கற்சிலைக்கு விலை கேட்கிறார். மாமல்லபுரம் பட்டறைக்காரர், கடை பெயரில் வாங்கிய டொமைன் முகவரியில் இருந்து கொட்டேஷன் அனுப்புகிறார். பதில் இல்லை. ‘விலை ஜாஸ்தினு விட்டுட்டாங்க போல’ என்று நினைத்துக்கொள்கிறார். அந்த மெயில் ஸ்பேமில் கிடந்தால்? கோவளம் சர்ஃபிங் பள்ளிக்கும், செங்கல்பட்டு ஸ்டார்ட்-அப்புக்கும் இதே கதைதான் நடக்கலாம்.

ஏன் இப்படி?

தபால் கவரில் அனுப்புநர் பெயரை யார் வேண்டுமானாலும் எழுதலாம். மெயிலும் அப்படித்தான். அதனால், ஜிமெயில் போன்ற சேவைகள் ஆதாரம் கேட்கின்றன. அதற்கான பதிவுகள் மூன்று:

* எஸ்.பி.எஃப்.: உங்கள் பெயரில் எந்தெந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல்.
* டி.கே.ஐ.எம்.: வழியில் மெயில் மாற்றப்படவில்லை என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம்.
* டிமார்க்: இந்தச் சோதனைகளில் தேறாத மெயிலை என்ன செய்ய வேண்டும் என்ற உங்கள் உத்தரவு.

‘நாம அனுப்புறதே தினம் பத்து மெயில்’ என்று விட்டுவிட முடியாது. 2024 பிப்ரவரி முதல், ஜிமெயிலுக்கு அனுப்பும் எல்லோருக்கும் முதல் இரண்டில் ஒன்றாவது கட்டாயம். தினமும் 5,000-க்கு மேல் அனுப்பினால் மூன்றும் வேண்டும்.

என்ன செய்யலாம்?

கூகுள் வொர்க்ஸ்பேஸோ, நம்ம கூடுவாஞ்சேரி பக்கத்து ஜோஹோவோ, உங்கள் மெயில் சேவை தரும் பதிவுகளை டொமைனின் டி.என்.எஸ். பக்கத்தில் சேருங்கள். எஸ்.பி.எஃப். பதிவு ஒன்றுதான் இருக்க வேண்டும்; இரண்டு இருந்தால் சோதனை தோற்கும். பில்லிங் சாஃப்ட்வேரும் உங்கள் பெயரில் மெயில் அனுப்பினால், அதையும் அதே பதிவில் சேருங்கள். டிமார்க்கை முதலில் ‘நன்’ என வைத்து, எல்லாம் சரியாக இருந்தால் ‘குவாரண்டைன்’, பிறகு ‘ரிஜெக்ட்’ என்று இறுக்கலாம்.

பிறகு உங்கள் ஜிமெயிலுக்கே ஒரு மெயில் அனுப்புங்கள். கணினியில் திறந்து ‘ஷோ ஒரிஜினல்’ பாருங்கள். மூன்றிலும் ‘பாஸ்’ வர வேண்டும். வந்தாலும், கேட்காதவர்களுக்கு விளம்பரம் அனுப்பினால் ஸ்பேம்தான்.

இதைச் செய்யாவிட்டால் போவது ஆர்டர் மட்டுமல்ல. உங்கள் முகவரியைப் போலியாகப் போட்டு, ‘பணத்தை இந்த அக்கவுன்ட்டுக்கு அனுப்புங்க’ என்று யாரும் எழுதலாம். வெப்சைட் செய்து தருபவர்கள் இந்த மூன்றையும் முடித்துத்தான் ஒப்படைக்க வேண்டும். பணத்தை செட்டில் செய்வதற்கு முன், அந்த மூன்று ‘பாஸ்’களையும் காட்டச் சொல்லுங்கள்.