வெள்ளிக்கிழமை நாயகனுக்கு நாம் வைத்த பாக்கி

2000-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் தேதி ஜெய்சங்கர் இறந்தார். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் படம் பார்த்தே வளர்ந்த நாம் பேப்பரில் அதைப் படித்தோம். "பாவம், நல்ல மனுஷன்" என்றோம். அதோடு சரி. அவர் படங்களைத் தேடிப் பிடித்துத் திரையிடவில்லை, உட்கார்ந்து பேசவில்லை, எழுதி வைக்கவில்லை. இதை யாரோ ஒருவர் தலையில் கட்டிவிட முடியாது. நாம் எல்லோரும் சேர்ந்து செய்த புறக்கணிப்பு இது.

1938 ஜூலை 12-இல் பிறந்த சங்கர், நியூ காலேஜில் பட்டம் வாங்கினார். சட்டம் படிக்கப் போய் பாதியில் விட்டுவிட்டு, சோவின் நாடகக் குழுவுக்கு வந்தார். பெயருக்கு முன்னால் 'ஜெய்' சேர்த்தவர் 'இரவும் பகலும்' இயக்குநர் ஜோசப் தளியத். அந்தப் படம் வெளியான 1965 பொங்கலன்றுதான் எம்.ஜி.ஆரின் 'எங்க வீட்டுப் பிள்ளை'யும் சிவாஜியின் 'பழநி'யும் வந்தன. அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒல்லியான ஒரு புதுமுகம் நின்று காட்டினார். பிறகு ஓட்டம்தான். 1966-இல் பேய்ப்பட பாணியில் 'யார் நீ?', அதே ஆண்டு சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'வல்லவன் ஒருவன்', 1970-இல் 'சி.ஐ.டி. சங்கர்'. துப்பறியும் கதை, உளவாளி கதை, கொள்ளைக்கூட்டக் கதை என்று படங்கள் வரிசையாக வந்தன. வெள்ளிக்கிழமை தோறும் ஏதோ ஒரு படம் வந்துகொண்டே இருந்ததால் அவருக்கு 'வெள்ளிக்கிழமை நாயகன்' என்றே பெயர்.

அந்தப் படங்களுக்கு யார் போனார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம். பல்லாவரம் தோல் பதனிடும் ஆலைகளில் வேலை பார்த்தவர்கள், இங்கிலீஷ் எலெக்ட்ரிக்கிலும் பெருங்களத்தூர் ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸிலும் ஷிப்ட் முடித்தவர்கள், பீச் ஸ்டேஷனிலிருந்து எலெக்ட்ரிக் டிரெயினில் களைத்து வந்திறங்கிய குமாஸ்தாக்கள். பக்கத்துப் பரங்கிமலைத் தொகுதி 1967-இல் எம்.ஜி.ஆரையே சட்டமன்றத்துக்கு அனுப்பியது. வணங்குவதற்கு நமக்கு ஒரு நாயகர் இருந்தார், அழுவதற்கு சிவாஜி இருந்தார். ஜெய்சங்கரிடம் போனது வாரக் களைப்பைக் கழிக்க. பேன்ட்டும் முழுக்கைச் சட்டையுமாக, நம் பிளாட்பாரத்தில் நிற்கும் ஒரு பையனைப் போலவே அவர் இருந்தார். அந்தச் சாதாரணத்தை அருமையாக எண்ணத் தெரியாமல், மலிவு என்று நினைத்துவிட்டோம்.

அவர் நடிப்பை அளக்க நம்மிடம் இருந்தது வசனம் என்ற ஒரே ஒரு கோல். நீள வசனம் பேசாதவன் நடிகன் இல்லை என்று முடிவு கட்டியிருந்தோம். துப்பறியும் படத்துக்கு வேண்டிய திறமை வேறு. கதவைத் திறக்குமுன் ஒரு நொடி தயங்க வேண்டும். ஓடும்போது பார்க்கிறவனுக்கும் மூச்சு வாங்க வேண்டும். காதில் பூச்சுற்றும் கதையையும் கேலியாகக் காட்டாமல் நம்ப வைக்க வேண்டும். இதையெல்லாம் அவர் அலட்டிக்கொள்ளாமல் செய்தார். பாலசந்தரின் 'நூற்றுக்கு நூறு' (1971) படத்தில் பழி சுமத்தப்பட்ட பேராசிரியராக அவரைப் பார்த்தவர்கள் அதிர்ந்தது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. அந்த அடக்கமும் அளவும் அதற்கு முந்தைய சண்டைப் படங்களிலேயே இருந்தன. பார்க்கத் தவறியது நாம்தான்.

எம். கர்ணனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரான அவர் 'காலம் வெல்லும்', 'கங்கா', 'ஜக்கம்மா', 'எங்க பாட்டன் சொத்து' என்று குதிரையும் துப்பாக்கியுமாகத் தமிழில் கௌபாய் படங்களையே எடுத்துக் காட்டினார். குதிரை பாயும் வேகத்தைக் கேமராவில் பிடித்த அந்த மனிதர் 2012-இல் காலமானபோதும் நாம் பேசாமல்தான் இருந்தோம்.

இத்தாலியில் இதே கதை வேறு விதமாக முடிந்தது. ஜூலியானோ ஜெம்மாவும் 1938-இல் பிறந்தவர். ஸ்டண்ட் ஆளாகத் தொடங்கி 1965-இல் ரிங்கோ என்ற துப்பாக்கி வீரனாக நடித்துப் புகழ் பெற்றார். நம் ஆள் அறிமுகமான அதே ஆண்டு. அந்த ஊர் விமர்சகர்களும் அப்படங்களை முதலில் மலிவுச் சரக்கு என்றுதான் ஒதுக்கினார்கள். ஆனால் 2007-இல் வெனிஸ் திரைப்பட விழா அந்த வகைப் படங்களுக்கென்றே ஒரு பின்னோக்குத் திரையிடல் நடத்தியது. போலோனியா நகரில் பழைய படங்களைச் சீராக்கித் திரையிட ஆண்டுதோறும் ஒரு விழாவே நடக்கிறது. நாமோ இத்தாலியக் கௌபாய் படங்களின் இயக்குநர் செர்ஜியோ லியோனியைப் பற்றி டீக்கடையில் மணிக்கணக்காகப் பேசினோம். அவர் படங்களை நல்ல பிரதியில் பார்த்தோம். 'கங்கா'வை நம்மில் எத்தனை பேர் அப்படிப் பார்த்திருக்கிறோம்?

படப் பெட்டி நகரத்தில் ஓடி முடித்து, கீறல் விழுந்து, ரீல் அறுந்து ஒட்டப்பட்டு, கடைசியில்தான் புறநகர்க் கொட்டகைகளுக்கு வரும். அசிட்டேட் ஃபிலிமை இந்தக் கடலோர வெக்கையிலும் ஈரத்திலும் போட்டு வைத்தால் அது சிதைந்து காடி நாற்றம் எடுக்கும், சுருங்கும், பிறகு ஓட்டவே முடியாது. கறுப்பு வெள்ளைப் பிரதிகளை வெள்ளி எடுப்பதற்காகக் கரைத்ததும் உண்டு. அதையெல்லாம் தடுக்கும் அதிகாரம் நமக்கு இருக்கவில்லை என்று சமாதானம் சொல்லலாம். பாட்டுப் புத்தகங்களும் நோட்டீஸ்களும் நம் வீட்டுப் பரணில்தானே இருந்தன? பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போட்டது நாம்தான். பிலிம் நியூஸ் ஆனந்தன் தனி மனிதராகத் தமிழ்ப் படங்களின் விவரங்களையும் படங்களையும் வாழ்நாள் முழுதும் சேர்த்து வைத்தார். ஒரு தெருவுக்கு ஒருவர் அவர் செய்ததில் சிறு பங்கு செய்திருந்தால்கூடப் போதுமே. எம்.ஆர்., நேஷனல், வித்யா என்று தியேட்டர் பெயரைச் சொல்லி வழி காட்டிப் பழகியவர்கள் நாம். எந்தத் தியேட்டரில் எந்தப் படம் எத்தனை நாள் ஓடியது என்று ஒரு நோட்டில்கூடக் குறித்து வைக்கவில்லை.

1980-இல் 'முரட்டுக் காளை'யில் வில்லனாக வந்தபோது அவர் தாழ்ந்துவிட்டார் என்று நம்மில் சிலர் பேசினோம். தொழிலை மதித்த ஒருவர் வயதுக்கு ஏற்ற வேலையைத் தேடிக்கொண்டதாக அதை எடுத்துக்கொள்ளும் பக்குவம் நமக்கு இல்லை. 1986-இல் திரைப்படக் கல்லூரி இளைஞர்கள் எடுத்த 'ஊமை விழிகள்' படத்தில் பத்திரிகை ஆசிரியராக அவர் நின்ற நிமிர்வு நம் வாயை அடைத்திருக்க வேண்டும். 2010-இல் சிம்புதேவனின் 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' கௌபாய் படங்களை நகைச்சுவையாக நினைவுகூர்ந்து, ஓர் ஊருக்கு ஜெய்சங்கர்புரம் என்று பெயரும் வைத்தது. அன்பான காரியம்தான். மூலப் படங்களைப் பார்க்காமலே நாம் சிரித்துவிட்டு வந்தோம்.

2038-இல் அவருக்கு நூற்றாண்டு. அதற்குள் செய்ய வேண்டியது சிலதாவது இருக்கிறது. நம் பகுதிக் கொட்டகைகளில் புரொஜெக்டர் ஓட்டிய ஆபரேட்டர்கள், டிக்கெட் கிழித்தவர்கள், பெட்டி தூக்கியவர்கள் சிலர் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைப் பதிவு செய்ய வேண்டும். 'கங்கா'வுக்கும் 'ஜக்கம்மா'வுக்கும் எங்கே நல்ல பிரதி இருக்கிறது என்று உரிமையாளர்களிடமும் புனே திரைப்பட ஆவணக் காப்பகத்திடமும் எழுதிக் கேட்க வேண்டும். முதல் கடிதத்தைத் தாம்பரத்திலிருந்து நாமே போடுவோம்.